பூனை மோந்த பூ

நியாலாஸ் தோட்டம்
20-1-1952

அன்பு நாத்தனார் ராஜம்மாவுக்கு அண்ணி கமலவேணி எழுதிக்கொண்டது.

நீயும் ரங்கசாமி அண்ணனும் சுகம்தானே? கோலா சுங்கை பாருவின் கடல் காற்றில் உன் மூச்சிரைப்பு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வாயும் நன்றாகவே இருக்கிறது.

கடைசியில் எங்களையும் கம்பி வேலிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி பருப்பு கொடுத்துவிடக் கூடாதாம். அதற்காகப் பழைய லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்து, எல்லாரையும் ஆபீஸ் பக்கத்துப் புது லயத்தில் அடைத்திருக்கிறார்கள். விடிந்து கேட் திறந்தால் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வெளியே போகும்போது சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள்.

குடிமாறிய அன்று மற்றவர்கள் லாரியில் பெட்டியும் அம்மிக்கல்லும் ஏற்றினார்கள். நான் மண்ணெண்ணெய் டின்களில் இருந்த மல்லிகைச் செடிகளை ஏற்றினேன். "என்னக்கா, நீங்க குடி போறீங்களா, பூந்தோட்டம் குடி போவுதா?" என்று லாரிக்கார மணியம் கேட்டான். இரண்டும்தான் என்றேன். செடிகளுக்கு மேல் பூனை ஏறி உட்கார்ந்துகொண்டது. நாய் டைகர் லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்தான்.

பூனைக்கு நான் வைத்திருக்கும் பெயர் உனக்குத் தெரியாதே. கிராணி! ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி காலையில் பெரட்டுக்களத்தில் ஆள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுவது போல, இதுவும் விடிந்ததும் ஒவ்வொரு செடியாகப் போய் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஒரு செடியை விடாது.

ஒரு நல்ல சேதி. போன ஆடித் திருவிழாவுக்கு மலாக்காவிலிருந்து பூ வந்த பஸ்ஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள் அல்லவா? அம்மன் காகிதப் பூவோடு வீதி வந்தாள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பொங்கலன்று கோயில் கூட்டத்தில் நான் எழுந்து, "வர்ற ஆடிக்கு அம்மனுக்கு வேண்டிய பூ மொத்தமும் எந்தோட்டத்துலேர்ந்து நானே கொண்டாந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். தலைவர் தம்புசாமி அண்ணன் தலையை ஆட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அண்ணன் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்த பிறகு நான் ஆசைப்பட்டுச் சொன்ன முதல் வார்த்தை இதுதான் ராஜம்மா. அதை நடத்திக் காட்ட வேண்டும்.

உன் அண்ணி,
கமலவேணி

*

கோலா சுங்கை பாரு
11-2-1952

அன்புள்ள அண்ணிக்கு ராஜம்மாவின் வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மூச்சிரைப்பு பரவாயில்லை, இவர் கடைக் கருவாட்டுத் தூசிதான் தொந்தரவு. இவர் நன்றாக இருக்கிறார். இவரைவிட எங்கள் ஆடு நன்றாக இருக்கிறது. கொடியில் காய்ந்த என் ரவிக்கைக் கையைப் போன வாரம் தின்றுவிட்டது.

கம்பி வேலி என்றதும் பயந்தேன். நீங்கள் செடியைப் பற்றியே எழுதியிருந்ததைப் படித்ததும் பயம் பாதி போய்விட்டது. இங்கே உப்பு மண்ணில் ஒன்றும் வருவதில்லை. நான் வைத்த கனகாம்பரம் ஒரு பூ பூத்தது. அதையும் ஆடு தின்றது.

உங்கள் பூனைக்கு கிராணி என்று பெயர் வைத்தது நிஜக் கிராணிக்குத் தெரியுமா? தெரிந்தால் உங்கள் பெயரை ஒருநாள் பெரட்டில் விட்டுவிடப் போகிறார்.

அண்ணி, ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாய் திறக்காதவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்கள் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நீங்கள் எனக்குச் சொன்னதுதான். கவனமாக இருங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். டைகருக்கும் கிராணிக்கும் என் விசாரிப்பு.

அன்பு நாத்தனார்,
ராஜம்மா

*

நியாலாஸ் தோட்டம்
23-3-1952

அன்பு ராஜம்மாவுக்கு,

உன் ரவிக்கைக்கு என் அனுதாபம். ஆட்டுக்கு வயிற்றில் ஒன்றும் செய்யவில்லையே? நான் சுகம். மரம் வெட்டிவிட்டு வந்ததும் மண்வெட்டி, அதை வைத்ததும் வாளி. இதில் நோவு வர நேரமில்லை.

தோட்டம் போடுவது என்றால் மண்ணோடு சண்டை என்று நினைத்திருந்தேன். இங்கே மண் எனக்குச் சொன்னபடி கேட்கிறது. கேட்காதது என் வீட்டு உருப்படிகள் இரண்டும்தான். மரிக்கொழுந்து விதைத்த பாத்திக்குள் எலி இருக்கிறது என்று யார் டைகருக்குச் சொன்னார்களோ, ஒரே மத்தியானத்தில் கிணறு வெட்டிவிட்டான். பாத்தி முழுக்க எலுமிச்சை முள்ளைப் பரப்பி வைத்த பிறகுதான் அவன் விட்டான். அம்மனுக்கு அரளி நல்லது என்று பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா கொம்பு கொண்டுவந்து கொடுத்தாள். நான் வைக்கவில்லை. டைகர் எதையும் கடித்துப் பார்க்கிறவன், அரளி விஷம். துளசித் தொட்டியோ கிராணிக்கு மெத்தை. சூடு தணிந்ததும் அதற்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். தொட்டியைச் சுற்றித் தேங்காய் மட்டை செருகியிருக்கிறேன்.

போன மாதம் போலீஸ்காரர் ஒருவர் வந்து, வேலி ஓரம் முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது, ஆள் ஒளிந்துகொள்ள இடமாகிவிடும் என்று சொல்லி மல்லிகை எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். அழுதுகொண்டே வெட்டினேன். இப்போது வெட்டிய இடமெல்லாம் புதுத் துளிர். துளிர் முனையெல்லாம் மொட்டு! அந்தப் போலீஸ்காரர் நன்றாக இருக்கட்டும். துலுக்கச் செவ்வந்தியும் முளைத்து நிற்கிறது.

ஆனால் ஒரு தடங்கல். தம்புசாமி அண்ணன் ஒருநாள் காலை இந்தப் பக்கம் வந்தார். அப்போது பார்த்து கிராணி பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மொட்டு, அடுத்த மொட்டு, அதற்கடுத்தது என்று மூக்கை வைத்துக்கொண்டே போனது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் கோயிலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "மோந்த பூ சாமிக்கு ஆகாது. மனுசன் மோந்தாலே ஆகாதுங்கறப்ப பூனை மோந்தத எப்படி அம்மனுக்குச் சாத்துறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பூ பறிக்கும்போது நானே மூச்சை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பறிக்கிறேன். பூனைக்கு அதை எப்படிச் சொல்வது? கழுத்தில் மணி கட்டினேன். இப்போது மணி அடித்துக்கொண்டே மோந்து பார்க்கிறது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஊரெல்லாம் கேட்பார்களே, கட்டியவள் நான். ஒரு பலனும் இல்லை.

அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. பூனை மட்டும்தான் காரணம்.

உன் அண்ணி,
கமலவேணி

*

கோலா சுங்கை பாரு
9-4-1952

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். ஆடும் நலம், அடுத்த ரவிக்கைக்குக் காத்திருக்கிறது.

"பூனை மட்டும்தான் காரணம்" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரும் கேட்காதபோது அதை ஏன் எழுதினீர்கள்? அந்த லயத்தில் கோழி ஏறாத பூச்செடி உண்டா, நாய் படுக்காத வாசல் உண்டா? அண்ணன் உயிரோடு இருந்து, நீங்கள் நெற்றி நிறையப் பொட்டோடு பூ கொண்டுபோயிருந்தால், புலி மோந்து பார்த்திருந்தாலும் தம்புசாமி அண்ணன் வாங்கிக்கொண்டிருப்பார். புருஷன் இல்லாதவள் கையால் அம்மனுக்குப் பூ வாங்க அவருக்கு மனமில்லை. அதைச் சொல்ல வாயும் இல்லை. பூனை கிடைத்தது, பிடித்துக்கொண்டார். எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

போகட்டும். அவர் கையில் இருக்கும் பூனையைப் பிடுங்கிவிடுவோம். பிறகு என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஆமினா வீட்டில் ஏழெட்டுப் பூனைகள். இவர் கடைக் கருவாட்டு மூட்டை பக்கம் ஒன்றுகூட வருவதில்லை. எப்படி என்று கேட்டேன். வேலி ஓரம் கண்டபடி முளைத்துக் கிடக்குமே குப்பைமேனி, அதை வேரோடு பிடுங்கி வீட்டுப் பின்பக்கம் போட்டுவிடுகிறாராம். அந்த வேர் என்றால் பூனைக்குக் கள் மாதிரி. புரளும், நக்கும், பாடும். வேறு எதையும் திரும்பிப் பார்க்காது. நம் ஆட்கள் அதைப் பூனைவணங்கி என்று சொல்வார்கள் என்று இவர் சொல்கிறார். நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம்.

செய்து பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள்.

ராஜம்மா

*

நியாலாஸ் தோட்டம்
25-5-1952

என் அருமை ராஜம்மாவுக்கு,

நீயும் அண்ணனும் ஆடும் ஆமினா அம்மாவும் அவர் பூனைகளும் நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிற சந்தோஷத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்றே பார்க்கவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் பூனைவணங்கிக்கென்று ஒரு பாத்தி போட்டேன். களையைத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாள், இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று குஞ்சம்மாகூடச் சிரித்தாள். விடிந்ததும் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கிள்ளிப் போட்டேன். கிராணி வந்தது. மோந்தது. மறுநிமிஷம் மல்லாந்து விழுந்து நாலு காலையும் ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடியது பார், சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்கள் தோற்றார்கள். மூன்று நாளில் பெரட்டு எடுப்பதையே மறந்துவிட்டது. இப்போது பூப்பாத்தி பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் வேலிக்குள் இருக்கும் அத்தனை பூனையும் என் பின்வாசலுக்கு வந்துவிட்டன. மானேஜர் துரையின் வெள்ளைப் பூனைகூட வந்தது. அவர் வீட்டுச் சமையல்காரர் தேடிக்கொண்டு வந்து, இடுப்பில் வைத்துத் தூக்கிப் போனார். டைகர்தான் பூப்பாத்திக்குக் காவல். ஒரு பூனை இந்தப் பக்கம் திரும்பினாலும் உறுமி அனுப்பிவிடுகிறான். எலி தேடித் தோண்டியவனுக்குப் பதவி கொடுத்தேன், பொறுப்பு வந்துவிட்டது.

பூவைச் சொல்ல மறந்துவிட்டேனே! மல்லிகை கொட்டுகிறது. வாசனை வெளியே வருவதற்கு முன்னால் மத்தியானமே மொட்டாகப் பறித்து, ஈரத்துணி போட்டு மூடிவிடுகிறேன். செவ்வந்தி மஞ்சளாக நிற்கிறது. மரிக்கொழுந்தைத் தொட்டால் கை நாள் பூராவும் மணக்கிறது.

பிறகு தம்புசாமி அண்ணனை நானே கூப்பிட்டேன். வந்தார். வெகுநேரம் நின்றார். ஒரு பூனை திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து ஒவ்வொரு மொட்டாகப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "பூ நல்லாத்தான் இருக்கு தாயி. குஞ்சம்மா கையில குடுத்து அனுப்பிடு. நீ வாசலோட நின்னுக்க."

நீ எழுதியது சரிதான் ராஜம்மா. எனக்கும் அப்போதே தெரியும். எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதாமல் இருந்தேன்.

"நட்ட கையும் தண்ணி ஊத்துன கையும் இதுதாண்ணே. இந்தக் கைதான் கொண்டாந்து குடுக்கும். இல்லன்னா பூ செடியிலயே இருக்கட்டும்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மலாக்காவுல பூ கிடைக்காமயா போச்சு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மனும் தனியாக நிற்கிறவள்தானே. அவளை யார் வாசலோடு நிறுத்தினார்கள்? நான் பின்வாங்கப் போவதில்லை. நீ எனக்குத் துணையாக இருக்கிறாய், அது போதும்.

உன் அண்ணி,
கமலவேணி

*

கோலா சுங்கை பாரு
30-6-1952

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

தம்புசாமி அண்ணன் இவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இருவரும் பழைய சிநேகிதர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். திருவிழாவுக்கு மலாக்கா பாசாரில் பூ சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறார். வழியில் சோதனை போடுகிறவர்கள் பொம்பிளைகளின் கூடையை அவ்வளவாகக் கிளற மாட்டார்கள் என்பதால் என்னையே எடுத்துவரச் சொல்லி இவரிடம் கேட்டிருக்கிறார். இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ராஜம்மா

*

நியாலாஸ் தோட்டம்
6-7-1952

கோலா சுங்கை பாரு திருமதி ராஜம்மா ரங்கசாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. ஆடு நலம் என்று எழுதவில்லை. அதுவும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். ரவிக்கை தின்றாலும் அது ஒரு பக்கமாக நிற்கிற பிராணி.

இங்கு மல்லிகை நன்றாகப் பூக்கிறது. ஆடிக்குப் பிறகும் பூக்கும்.

பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். கூடை நசுங்காமல் பார்த்து எடுத்து வரவும்.

இப்படிக்கு,
கமலவேணி வீரப்பன்

*

கோலா சுங்கை பாரு
2-8-1952

அண்ணிக்கு,

இந்தக் கார்டில் இடம் குறைவு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உள்ளே வருவதற்குப் பெர்மிட் எழுதிக் கேட்டும் வரவில்லை. கேட்டோடு திரும்ப வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் பூவைப் பறிக்காமல் இருந்துவிடாதீர்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் பறித்துக் கட்டி வையுங்கள். இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

ராஜம்மா

*

நியாலாஸ் தோட்டம்
10-8-1952

என் கண்ணே ராஜம்மா,

சுகமா? மூச்சிரைப்பு எப்படி? அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாயே. நீ ஏறிய பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடி வந்தேன். கேட்டுக்கு வந்தபோது பஸ் வளைவு திரும்பிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் என்னை வெளியே விடவில்லை.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மன் என் பூவில் நின்றாள். தலையிலிருந்து பாதம் வரைக்கும் என் பூ. என் கையால் கொடுத்தேன். உள்ளே போய்க் கொடுத்தேன்.

இனி நடந்ததைக் கேள். நீ எழுதியபடி வியாழக்கிழமை பறித்தேன். ஏன் பறிக்கிறோம் என்று தெரியாமல், உன்னைத் திட்டிக்கொண்டே பறித்தேன். வெள்ளிக்கிழமை பஸ் வரும் நேரத்தில் நான் கேட்டுப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து சரம் கட்டிக்கொண்டிருந்தேன். நீ அந்தக் கூடையோடு வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

குஞ்சம்மாதான் ஓடி வந்து சொன்னாள். போன வாரம் ரோட்டில் ஏதோ கலவரமாம், அதனால் அன்றைக்குக் கேட்டில் போலீஸ் நாய் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கன்றுக்குட்டி உயரமாம். தம்புசாமி அண்ணன் உறுமி மேளத்தோடு, பூக்கூடையை வரவேற்க உள்பக்கம் நின்றாராம். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லாம் நாயைப் பார்த்ததும் கூடையைத் தலையிலேயே பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். நீ நேராக நாய்க்கு முன்னால் போய், கூடையை இறக்கித் தரையில் வைத்தாயாம். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே வாழை இலையையும் விலக்கினாயாம். நாய் காதுவரை தலையை உள்ளே விட்டு, மலாக்கா மல்லிகை மொத்தத்தையும் மோந்து, ஒரு பெரிய தும்மலும் போட்டு, மூக்கில் ஒரு முழம் சரத்தோடு வெளியே வந்ததாம். பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் போலீஸுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லையாம்.

மேளம் நின்றுவிட்டதாம். தம்புசாமி அண்ணன், "மஞ்சத்தண்ணி தெளிச்சு எடுத்துக்கலாம்லா" என்று இழுத்திருக்கிறார். அப்போதுதான் நம் குஞ்சம்மா, எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள், எல்லார் முன்னாலும் கேட்டாளாம்: "பூனை மோந்தா ஆகாது, நாய் மோந்தா ஆகுமா? அம்மன்கிட்ட எந்தச் சட்டத்தச் சொல்லப் போறீங்க?"

அதற்குப் பிறகு பெண்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று குஞ்சம்மாவாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் சொல்லி முடித்ததும்தான் கேட்டுக்கு ஓடி வந்தேன்; உன் பஸ்ஸைத் தவறவிட்டு வீடு திரும்பி உட்கார்ந்ததும் வாசலில் டைகர் குரைத்தான். தம்புசாமி அண்ணன், பூசாரி காளிதாஸ், மேளக்காரர்கள், பின்னால் பாதி லயம். பாத்தியை மிதித்துவிடாமல் வரிசையாக நின்றார்கள். தலைவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பூ வேண்டும் என்று கேட்டார். கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தேன். இந்த ஒரு நேரத்தை விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. நான் எழுந்து கேட்டேன்:

"பூவ மட்டும் கேக்குறீங்களாண்ணே, கொண்டாறவளையும் சேத்துக் கேக்குறீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. "ரெண்டையுந்தான் தாயி" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். வயதானவர், விட்டுவிட்டேன். மேலும், எல்லாருக்கும் கேட்டுத்தான் இருந்தது.

கூடையை நானே தூக்கிக்கொண்டேன். எனக்கு முன்னால் உறுமி போனது. கோயில் வாசலில் என் கால் கொஞ்சம் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். காளிதாஸ் உள்ளேயிருந்து, "வாம்மா, ஆத்தா காத்துக்கிட்டு இருக்கா" என்றார். போனேன். அவர் என் கையிலிருந்து வாங்கி, மல்லிகையைக் கழுத்திலும், செவ்வந்தியை இடுப்பிலும், மரிக்கொழுந்தைக் காலிலும் சாத்தினார். நான் அழவில்லை. எனக்கு அப்படிச் சிரிப்பு வந்தது ராஜம்மா. சந்நிதியில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு வெளியே போக அனுமதி இல்லாததால் அம்மன் உள்ளேயே லயம் லயமாக வந்தாள். என் வாசலில் நின்றபோது தேங்காய் உடைத்தார்கள். கிராணி படியில் உட்கார்ந்து எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. அடுத்த ஆடிக்கும் பூ என்னுடையதுதான் என்று இன்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று வீட்டுப் பெண்கள் மல்லிகைக் கொம்பு கேட்டு வந்தார்கள். பூனைவணங்கியும் கேட்டார்கள்.

போன கடிதத்தில் நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. ஆட்டிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஒன்று மட்டும் எனக்குச் சொல். மற்றவர்கள் எல்லாம் கூடையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்களே. நீ ஏன் அதை அந்த நாய்க்கு முன்னால் கொண்டுபோய் இறக்கினாய்?

உன் அண்ணி,
கமலவேணி

*

கோலா சுங்கை பாரு
19-8-1952

அன்பான என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆமினா அம்மாவுக்கு மலாயில் சொல்லி, இவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, ஆட்டுக்கும் காட்டினேன். ஆடு ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டது. மன்னித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

மூச்சிரைப்பு இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. தோள் மட்டும் இன்னும் வலிக்கிறது.

கூடையை ஏன் இறக்கினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கனமாக இருந்தது அண்ணி. மலாக்காவிலிருந்து நியாலாஸ் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் எந்த இடத்திலும் அவ்வளவு கனம் தெரியவில்லை. கேட்டில் இறங்கியதும் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. எங்கே இடம் இருந்ததோ அங்கே இறக்கினேன். அங்கே நாய் நின்றது. நான் என்ன செய்வது? நாய் இல்லாவிட்டால் என் மூக்கு இருக்கிறது என்றுதான் வீட்டிலிருந்தே கிளம்பினேன். மல்லிகை அவ்வளவு கனக்குமா என்று இவரும் கேட்டார். உங்களுக்குத் தூக்கிப் பழக்கமில்லை, அதனால் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸை வளைவு தாண்டி மறுபடி நிறுத்திச் சோதனை போட்டார்கள். எல்லாரும் இறங்கி வெயிலில் நின்றோம். கேட்டில் நின்றுபோன உறுமி மறுபடி ஆரம்பித்தது அங்கே கேட்டது. யார் வீட்டு வாசலிலிருந்து அது கிளம்புகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஏன் அழுகிறீர்கள் என்று சோதனை போட்ட பெண் கேட்டாள். அழவில்லை, எங்கள் அண்ணி கோயிலுக்குப் போகிறார் என்று சொன்னேன்.

அடுத்த ஆடிக்கு வருவதற்குப் பெர்மிட் இன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன். என்ன கொண்டுவருகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்றுமில்லை, வெறுங்கையோடுதான் வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். பூ உள்ளேயே இருக்கிறது.

உங்கள் நாத்தனார்,
ராஜம்மா